பெருமுக்கலுக்கு முடிந்து வைத்த காசு

என் மகள் நஷ்டப்பட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. இந்த வருடமாவது ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பெருமுக்கல் மலைமேல் மூச்சு வாங்க ஏறி, சாமி முன்னால் நின்று, வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தேன். வேண்டியது நடந்தால் அந்தக் காசைக் கொண்டுபோய் மலைமேல் உண்டியலில் போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாக் காரியத்துக்கும் இதுதான் வழக்கம். வீட்டுக்காரரின் முதுகுவலி, மகளின் பரீட்சை, உப்பளத்து மோட்டார் ரிப்பேர் எல்லாமே அந்த அலமாரியில் முடிச்சாகக் கிடந்துவிட்டுப் போனவைதான்.

மகள் திரும்பி வருவதும் அவள் நஷ்டப்படுவதும் ஒன்றுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் உறைக்காத மாதிரி இருந்துவிட்டேனோ என்னவோ. தாய் மனசுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம். குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். ஆள் குறைந்தால் நானும் பாத்தியில் இறங்கி உப்பு வாருவேன். எங்களுக்கு ஒரே பெண். பாண்டிச்சேரியில் படித்தாள், பிறகு பிரான்சில் படித்தாள். படித்ததெல்லாம் ஒயின் செய்கிற படிப்பு. இதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பழரசக் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் குடி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறந்து விட்டே பாதி ஆயுசைக் கழித்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அங்கே போய் என் மகள் சாராயம் காய்ச்சுகிறாள் என்றா சொல்வேன்? அது சாராயம் இல்லை, காய்ச்சுவதும் இல்லை என்று அவள் ஆயிரம் தடவை விளக்கியிருக்கிறாள். பழரசம் என்று நான் சொன்னது அப்படியொன்றும் பொய்யில்லை என்பது என் கட்சி.

பிரான்சில் படித்து முடித்தவள் அங்கே இருக்காமல் ஸ்பெயினுக்குப் போனாள். அங்கே ஒரு மலை. பஸ் போகாத ஊர். கட்டுமஸ்தான சிவப்பு ஒயினுக்கு அந்த மலை பேர்போனது என்றாள். ஒரு கிழவியம்மாவின் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டாள். பேங்க்கில் கடன். சொந்தத் தொழில் என்று காட்டித்தான் அவளுக்கு அங்கே இருக்க அனுமதி. முதல் வருட விளைச்சலை எடுத்து, ஒயின் போட்டுக் காட்டினால் அனுமதியை நீட்டிப்பார்கள். காட்ட முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் அவள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்தான் சிரிக்கவில்லை. போனை வைத்த மறுநாளே பெருமுக்கல் மலை ஏறினேன்.

பிறகு அவளே டிக்கெட் போட்டு அனுப்பினாள். அறுவடைக்கு அப்பாவும் நீயும் வந்து பக்கத்தில் இருங்கள் என்றாள். புரட்டாசி மாதம். எங்கள் உப்பளத்திலும் கடைசி வாரல்தான் பாக்கி. அதை நாத்தனார் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாரிடம் சாவியையும், சாமிக்கு விளக்கு வைக்கிற வேலையையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் பெட்டியில் உப்பு இருந்தது. மகள் வீட்டுக்கு முதல்முதலாகப் போகிறோம், உப்பு இல்லாமலா போவது என்று இவர் எங்கள் பாத்தி உப்பை வேட்டிக்குள் சுருட்டி, என்னிடம் சொல்லாமல் என் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். பார்சிலோனா ஏர்போர்ட்டில் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். வேட்டியைப் பிரித்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டலம். ஜெயிலில் சோறு போடுவார்களா ரொட்டி போடுவார்களா என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. இவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சால்ட். மை சால்ட்" என்றார். அவன் ஒரு கல்லை விரலில் உருட்டிப் பார்த்தான். இவர் முகத்தைப் பார்த்தான். போங்கள் என்று கையைக் காட்டினான். வெளியே வரும்வரை இவரை நான் திட்டின திட்டுக்கு அளவில்லை.

வெளியே நின்ற மகளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உப்பளத்தில் நின்றவள் போலக் கறுத்திருந்தாள். கட்டிப்பிடித்தபோது முதுகில் பட்ட அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. என் கை அப்படி ஆகிவிட்டதே என்றுதான் அவளைப் பாத்தியில் இறக்காமல் படிக்க வைத்தேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"இதுக்கா உன்ன படிக்க வெச்சோம்?" என்றேன்.

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? வண்டில ஏறும்மா" என்றாள்.

மலைப்பாதையில் நான் வாந்தி எடுத்ததையெல்லாம் எழுத வேண்டாம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் என் பெண் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் உப்பு விலை கேட்டுக்கொண்டு வந்தாள். ஊர் என்று அவள் காட்டிய இடத்தில் ஆட்களைவிடப் பூனைகள் அதிகம். நாங்கள் இருந்த நாட்களில் அங்கே ஒரு குழந்தையின் குரலைக்கூட நான் கேட்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் ரசம் வைத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும், அலமாரியில் இருக்கும் மஞ்சள் முடிச்சும் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தெம்பாக இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், தெம்பாகத்தான் இருந்தது.

தோட்டத்தை மறுநாள் காலையில் காட்டினாள். தோட்டம் என்றால் பந்தல் போட்டுப் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது ஒரு மலைச்சரிவு. மண்ணே இல்லை. நாம் சின்ன வயதில் எழுதிய சிலேட்டை உடைத்துக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரே கறுப்புக் கல். அதற்குள்ளிருந்து முழங்கால் உயரத்துக்கு முறுக்கிக்கொண்டு நிற்கிறது ஒவ்வொரு கொடியும். கொடி என்றுகூடச் சொல்ல முடியாது, கிழட்டுக் கட்டை. ஆனால் அதன் இலையை ஒதுக்கினால் உள்ளே கருநீலமாகக் கொத்துக் கொத்தாகப் பழம். சின்னச் சின்னப் பழம்.

"தண்ணியே வுடமாட்டியா?" என்றார் இவர்.

"வுடக்கூடாதுப்பா. தண்ணி கம்மியா இருந்தாத்தான் பழம் சின்னதா, கெட்டியா இருக்கும். அதுலதான் சத்து எறங்கும்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் சுண்டவிட்டு, அது கெட்டிப்படுவதைப் பார்த்துக்கொண்டே முடி நரைத்த மனுஷன். "அப்போ இதுவும் நம்ம தொழில்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த மலையில் விருந்தாளி இல்லை, மேஸ்திரி.

பழச்சாற்றில் இனிப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்க அவள் ஒரு கண்ணாடிக் குச்சியை மிதக்க விட்டாள். எங்கள் உப்பளத்திலும் தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்க்க அதே மாதிரிக் குச்சியைத்தான் மிதக்க விடுவோம். இவர் அதைக் கையில் வாங்கி, "எங்கிட்ட கேட்டிருந்தா கொண்டாந்திருப்பேனே" என்றார். அப்பனும் மகளும் குனிந்து குச்சியில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏறவில்லை, இன்னும் சில நாள் வெயில் வேண்டும் என்றாள் அவள்.

அந்த வெயிலில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மழை வந்தால் பழம் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும், அழுகிவிடும். ஆலங்கட்டி விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது. இதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று கடித்த அதே நகம்.

தோட்டத்துக்காரக் கிழவியம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் போட்ட பழைய ஒயினை மகள் ஊற்றினாள். பேனா மை நிறம். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதல் தடவையாக, குடியுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, இது நெஞ்சுல நடந்து போறது தெரியுது" என்றார். நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். நாவல்பழம் தின்றால் நாக்கு இழுக்குமே, அப்படி இழுத்தது. இந்த ஒரு சொட்டுக்காகத்தான் என் பெண்ணை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களா என்று ஆத்திரமாக வந்தது. கிழவியம்மா என் முகத்தைப் பார்த்து என்னவோ சொன்னார். பதறாதீங்க என்று சொல்கிறார் என்றாள் மகள். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போல.

உப்பளத்துக்காரர்களுக்கு வானம்தான் டிவி. காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்போம், படுக்கப் போகும் முன்பும் அதைத்தான் பார்ப்போம். 'உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, உமி விக்கப் போனா காத்தடிக்குது' என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, எங்களுக்கு அது குடும்பச் சரித்திரம். இவர் தினமும் மேடேறி மேற்கே பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குது" என்று சொல்வார். எங்கள் ஊரில் கோடை மழை மேற்கே இருந்துதான் கிளம்பும். நானும் மகளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டுவோம்.

அந்த மலையில் மேகம் கிழக்கே இருந்து வந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. எட்டிப் பார்த்தால், கடல் இருக்கிற பக்கத்து மலைமுகட்டுக்கு மேலே ஈயம் பூசாத பாத்திரம் போலக் கறுத்துக்கொண்டு நிற்கிறது. இவர் செருப்புக்கூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"வாரிடு! இப்பவே வாரிடு!" என்று மகளிடம் கத்தினார். எங்கள் பாத்தியில் அப்படித்தான். மேகம் கூடினால் உப்பு விளைந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. இருப்பதை வாரி வரப்பில் ஏற்றி, அம்பாரமாகக் குவித்து, கீற்றைப் போட்டு மூடிவிடுவோம். அரை விளைச்சல் உப்பும் உப்புதான். மழையில் கரைந்தால் அதுவும் இல்லை.

"அப்பா, இது உப்பு இல்லப்பா. இன்னும் பழுக்கல. இப்ப வெட்டினா புளிச்ச தண்ணிதான் வரும். அதுக்கு வெட்டாமலே வுட்டுடலாம்."

"மழ வந்துட்டா?"

"வந்தா போச்சு."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா நான் ஊருக்கு வந்துடறேன்ப்பா. வேற இன்னா பண்றது?"

அவள் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நான் பெற்ற பெண் ஊருக்கு வருகிறேன் என்று சொல்கிறாள், அதைக் கேட்கத்தான் நான் மலையேறி வேண்டிக்கொண்டேன், கேட்டதும் வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. மேகத்தைப் பார்த்தேன். இது யார் கூப்பிட்டு வந்திருக்கிறது? பெருமுக்கல் சாமிக்கு ஸ்பெயின் வரைக்கும் வழி தெரியுமா? தெரியும் என்றுதான் தோன்றியது. நானே விலாசம் சொல்லி அனுப்பியவள் ஆயிற்றே.

போனை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஓரமாகப் போனேன். நாத்தனார் உடனே எடுத்தாள்.

"இன்னா அண்ணி, நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும். சாமி அலமாரில மஞ்சத்துணி முடிச்சு ஒண்ணு இருக்குது பாரு. அத அவுத்துடு."

"இன்னாத்துக்கு அண்ணி? சாமிக்கு முடிஞ்சத நடுவுல யாராவது அவுப்பாங்களா?"

"நான் சொல்றேன் இல்ல? அவுத்துடும்மா."

"இப்பத்தான் வெளக்கு வெச்சேன். வெளக்கு வெச்சப்புறம் அதையெல்லாம் தொடக்கூடாது. காலைல பாக்கலாம்."

"காலைல வரைக்கும் தாங்காது."

"எது தாங்காது? அங்க இன்னா ஆச்சு? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

என்னவென்று சொல்வேன்? என் மகள் இங்கேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்கு முதலில் பழைய வேண்டுதலை ரத்து செய்ய வேண்டும் என்றா? ஒன்றும் இல்லை, காலையில் மறக்காமல் அவிழ்த்துவிடு என்று சொல்லிப் போனை வைத்தேன். திரும்பினால் பின்னால் இவர் நின்றுகொண்டிருக்கிறார். வெறும் காலில் கல் குத்தி ரத்தம் வந்திருந்தது.

"அவ திரும்பி வந்துடணும்னா வேண்டிகினே?" என்றார்.

திட்டட்டும் என்று நின்றேன்.

"எனக்கு மட்டும் ஆச இல்லையா? அதுக்காக மழைய அனுப்பியா அவளக் கூப்புட்டு வரச் சொல்றது?" என்றார். உப்பளத்துக்காரர் பெண்டாட்டியிடம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தோம். மேகம் அசையாமல் நின்றது. போகவும் இல்லை, வரவும் இல்லை.

மறுநாள் நாத்தனார் கூப்பிட்டாள். "அவுத்துட்டேன் அண்ணி. காச சாமி தட்டுல வெச்சிருக்கேன். போதுமா?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லா இரும்மா என்று அவளை வாழ்த்தினேன். கொஞ்ச நேரத்தில் வானமும் கொஞ்சம் வெளுத்தது. நான் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

ஆனால் வெளுத்த வானம் திரும்பக் கறுத்தது. வெயில், மேகம், வெயில், மேகம் என்று அது எங்களை உயிரோடு வதைத்தது. மகள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பழுத்துவிட்டதா என்று பார்க்கப் பழத்தைக் கடித்துக் கொட்டையை மென்று துப்பினாள். கண்ணாடிக் குச்சியை மிதக்க விட்டாள். இவர் வாரிடு என்று சொல்வதை நிறுத்திவிட்டார், சொல்லாமல் இருப்பதற்கே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. நான் சாதம் வைத்தால் குழைந்தது, குழம்பு வைத்தால் உப்பு போட மறந்தேன். எங்கள் பாத்தி உப்பு மேஜைமேலேயே இருக்கிறது, போடத்தான் மறந்துவிட்டேன்.

ஒருநாள் விடியும்போது, "இன்னிக்கு வெட்டிடலாம்" என்றாள். பழம் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றாள். மேகமும் வந்துவிட்டது. முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது.

ஊரில் இருந்த எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் என்றால் ஒரு வேனில் அடங்குகிற கூட்டம்தான், அதிலும் பாதிப் பேர் கிழவர்கள். கிழவியம்மாவும் வந்தார். ஆளுக்கு ஒரு சின்னக் கத்திரி, ஒரு பிளாஸ்டிக் கூடை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வரிசையில் இறங்கினேன். பாத்தியில் குனிந்த முதுகுதான், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சரிவில் கால்தான் வழுக்கியது.

முதல் கொத்தை வெட்டினபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கொத்து கூடைக்குப் போனால் அவள் இங்கே இருப்பாள். கொடியிலேயே நின்று மழையில் அழுகினால் என்னோடு வந்துவிடுவாள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் மெதுவாக வெட்டினால் யாருக்கும் தெரியாது. புதிதாக வந்தவள், கை வராது என்று விட்டிருப்பார்கள். அந்த நினைப்பு என் மனசில் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நினைப்புக்கு முன்னால் என் கை ஓடிவிட்டது. வெட்டினேன். அழுதுகொண்டே வெட்டினேன். ஒவ்வொரு கொத்தையும் என் கையாலேயே வெட்டி, என் பெண்ணை அந்த மலைக்கு எழுதிக் கொடுத்தேன். இடி இடிக்கும்போதெல்லாம், கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து வரிசைக் கிழவர், தன்னிடம் பேசுகிறேன் என்று நினைத்து ஏதோ பதில் சொன்னார்.

இவர் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். முதுகுவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. சரிவின் அடித்தட்டு மட்டும் பாக்கி இருக்கும்போது முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது. பெரிய சொட்டு. மகள் மேலேயிருந்து போதும் என்று கத்தினாள். கூடைகளை வேனில் ஏற்றித் தார்ப்பாயைப் போட்டு மூடினோம். இவர் தார்ப்பாயின் மூலையை இழுத்துக் கட்டிய விதத்தைப் பார்த்து எனக்கு மரக்காணம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. வேன் கிளம்பவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அடித்தட்டுப் பழம் போனது போனதுதான். மற்றதெல்லாம் கரை சேர்ந்துவிட்டது.

நனைந்துபோய் நின்ற என்னை மகள் வந்து கட்டிக்கொண்டாள். "தப்பிச்சிட்டோம்மா" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அவள் தப்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் கிளம்பும் வரைக்கும் அவள் சாற்றுத் தொட்டியே கதியென்று கிடந்தாள். ஏர்போர்ட்டில், "அடுத்த அறுவடைக்கும் வரணும்மா" என்றாள். எத்தனையோ வருடமாக நீ எப்போது வருவாய் என்று நான்தான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் வர வேண்டியவள் நான். வாசலைத் தாண்டியதும் இவர் தோளில் சாய்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நாங்கள் ஊருக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. உப்பளம் முழுக்க ஒரே ஏரி. குளித்துவிட்டு, நாத்தனார் தட்டில் எடுத்து வைத்த காசைத் தேடினேன். தட்டில் காசு இல்லை. அலமாரியில், நான் வைத்த அதே இடத்தில், மஞ்சள் முடிச்சு வைத்தது வைத்தபடி இருந்தது.

"அவுத்துட்டேன்னு சொன்னியே!" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அவுக்கல அண்ணி. அன்னிக்கு நீங்க பதறிப்போயி பேசினீங்க. நாளைக்கு மனசு மாறி, ஏன் அவுத்தேன்னு கேட்டா நான் எங்க போறது? நீங்க சாமிக்கு முடிஞ்சது. என் கை எப்படிப் படறது? நிம்மதியா இருக்கட்டுமேன்னு ஒரு வார்த்த சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த முடிச்சைக் கையில் எடுத்ததும் மனசில் வேறு கணக்கு ஓடியது. முடிச்சு இங்கே இறுகக் கட்டியபடி இருந்தபோதுதான் அங்கே நான் கத்திரியைப் பிடித்திருக்கிறேன். சாமியிடம் போட்ட மனு அப்படியேதான் இருந்திருக்கிறது. அவர் என்ன நினைத்துக்கொண்டு அந்த மழையைப் பிடித்து நிறுத்தி வைத்தார், அல்லது அது அவர் வேலையே இல்லையா, எனக்குத் தெரியாது.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். அனுமதியை நீட்டித்துவிட்டார்களாம். ஒயின் பீப்பாய்க்குள் போய்விட்டதாம், நெஞ்சில் நடந்துபோகிற மாதிரியே வரும் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடற்காற்றில் முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். துணி உப்புக் கரித்தது. எங்கள் வீட்டில் எதுதான் கரிக்காது.

காசைத் தாலியில் ஒற்றி எடுத்து வைத்துக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"மழைல எங்க போறே?" என்றார் இவர்.

"பெருமுக்கலுக்கு. காச உண்டியல்ல போட்டுட்டு வர்றேன்."

"வேண்டிகினது பலிச்சாத்தானே காசு போடுவாங்க?"

"பலிக்காததுக்குத்தாங்க போடறேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.